மைக் வாங்க முதல் அறையில் ஒருதரம் கைதட்டிப் பாருங்கள்

போன கிழமை திருகோணமலை உவர்மலையிலிருந்து, வீட்டிலேயே பாட்டுப் பதிய ஆசைப்பட்ட ஒரு தம்பி வந்தான். கையில் பெரிய பெட்டி, உள்ளே ஸ்டூடியோக்களில் பாவிக்கிற மாதிரிப் புத்தம்புதுக் கண்டென்சர் மைக். "அண்ணை, எல்லாம் வாங்கிட்டன். ஆனா பாட்டு கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரிக் கேக்குது" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 12 வருடங்களுக்கு முன்னர் இதே மாதிரி ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் நானும் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

வயரை மாற்றிச் செருகுவது, றெக்கோட் பொத்தானை அமத்த மறப்பது எல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். காசைத் தின்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காசு முழுவதையும் மைக்கில் கொட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். நம் வீட்டு அறைகள் எப்படி? சீமெந்துத் தரை, வெறும் சுவர், கண்ணாடி யன்னல், மேலே தகரம். பாடுகிற குரல் நேரே மைக்குக்குள் போகும். சுவரில் பட்டுத் திரும்பியும் கொஞ்சம் பிந்திப் போகும். அந்தக் கிணற்றுச் சத்தம் இதுதான். எவ்வளவு விலை கொடுத்தாலும் மைக் அதைப் பிரித்தெடுக்காது.

இது தெரியாமல் உப்புவெளி வீட்டில் மாமியின் தேவாரத்தைப் பதியத் தொடங்கினேன். ஃபானின் உறுமல் கேட்டது, நிறுத்தினோம். பிறகுதான் மற்றவை வெளிவந்தன: காகம், ஆட்டோ, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், எல்லாவற்றுக்கும் அடியில் வாடைக்காலத்துக் கடல். போட்டுக் காட்டினேன். மாமி கடைசிவரை கேட்டுவிட்டு, "தம்பி, கடல் நல்லாப் பாடுது" என்றார். நான் என்ன செய்தேன்? மைக்கில்தான் குறை என்று, கடன்பட்டு இன்னும் விலை கூடியதை வாங்கினேன். அதிலும் கடல் பாடியது, இன்னும் தெளிவாக.

கண்டென்சர் வெளிச்சத்தத்தை இழுக்கும், மேடைகளில் கையில் பிடிக்கிற டைனமிக் மைக் இழுக்காது என்பார்கள். பாதிதான் உண்மை. பெரிய விஷயம் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரம் இரட்டித்தால் நேரடிக் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். கண்டென்சர் முன்னால் நாம் ஒரு முழம் தள்ளி நிற்கிறோம். 1966 முதல் மேடைகளில் அடிபட்டு வரும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிக்கிறோம். அது காப்பாற்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

சரி, தம்பி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. அவன் அறைக்குப் போய்க் கைதட்டினேன், 'டங்' என்று சுவர் திருப்பிக் கதைத்தது. மெத்தையை நிமிர்த்தி அவன் முதுகுக்குப் பின்னால் சாத்தினோம். பலர் மைக்குக்குப் பின்னால்தான் போர்வை கட்டுவார்கள். ஆனால் மைக் பார்ப்பது பாடுகிறவரின் பக்கத்தை. அம்மாவின் சேலை அலுமாரியைத் திறந்துவிட்டோம். முன்பக்கத்தைக் கூர்ந்து கேட்கிற கார்டியோயிட் வகை மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம், அந்தப் பக்கத்தை யன்னலுக்குக் காட்டினோம். வாயிலிருந்து ஒரு சாண் தூரம். மறுபடி தட்டினேன், 'டப்' என்று அடங்கியது. செலவு சதம்கூட இல்லை.

முட்டை அட்டை

சத்தத்தை அடக்கச் சுவரில் ஒட்டுவார்கள். கரப்பான் பூச்சிக்கு நல்லது.

ஒரேயொரு மைக் வாய் உள்ள இன்டர்ஃபேஸ்

மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டிதான் இன்டர்ஃபேஸ். தனியே பாடினால் ஒரு வாய் போதும். ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர்ந்து உட்காரும் வீடென்றால் முதலிலேயே இரண்டோ நாலோ உள்ளதாக எடுங்கள். கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபான்டம் பவர், அதாவது மைக் வயர் வழியாகவே போகிற மின்சாரம், வேண்டும், அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டர்ஃபேஸ் இல்லாமல் நேரே கணினியில் செருகும் யுஎஸ்பி மைக் வாங்கியவர்கள், இரண்டாவது ஆள் வந்ததும் திண்டாடுவார்கள்.

ஸ்பீக்கரில் இசையைப் போட்டுக்கொண்டு பாடுவது

வேண்டாம், அந்த இசையும் மைக்குக்குள் போகும். காதை முழுதாக மூடும் ஹெட்போன் போடுங்கள்.

192 கிலோஹேர்ட்ஸ் மோகம்

கணினி குரலை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்பதற்கான எண்கள் இவை. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் போதும். அடுத்தது.

உப்புக்காற்றை மறப்பது

கொழும்புக் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். கண்டென்சருக்குள் இருக்கும் மெல்லிய தகட்டுக்கு ஈரம் ஆகாது. பாடி முடித்ததும் ஸ்டாண்டிலேயே விடாமல், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிறதே, அதுதான். கடன்பட்டு வாங்கிய அந்த மைக்கை நான் இரண்டு வாடைக்காலம் யன்னலோரம் நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது மழை இருட்டினாலே அதற்குள் கச்சான் வறுக்கிற சத்தம்.