காட்டு சீரியல் படங்கள்: புதிதாகப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, நீங்க சொன்ன 'டார்க்கஸ்ட் ஆப்பிரிக்கா'வை முழுசாப் பார்த்துட்டேன்."

"வௌவால் மனிதர்கள் முதல்ல எந்த எபிசோடுல வர்றாங்க?"

"எபிசோடா? ஒரே படமாத்தானே இருந்துச்சு."

காட்டு சீரியல் என்றால் அந்தக் கால ஹாலிவுட் காட்டுக் கதைகள்; தியேட்டரில் வாரம் ஒரு எபிசோடாக வந்தவை. பத்து வருஷம் முன்னால் நான் விழுந்த அதே குழி. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள், வரிசை மாற்றிப் பார்க்காதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெட்டிச் சுருக்கியதை சீரியல் என்று நம்புவது

'டார்க்கஸ்ட் ஆப்பிரிக்கா' 1936இல் ஹாலிவுட்டின் ரிபப்ளிக் நிறுவனம் எடுத்த முதல் சீரியல். 15 எபிசோடு, நாலரை மணி நேரத்துக்குப் பக்கம். 1966இல் தங்கள் பழைய சீரியல்கள் 26ஐ டிவிக்காக 100 நிமிஷப் படங்களாக வெட்டினார்கள். பெயரையும் மாற்றினார்கள். இது 'பேட்மென் ஆஃப் ஆப்பிரிக்கா' ஆனது. அக்கா மகன் பார்த்தது அதைத்தான்.

நான் ஏமாந்தது 'பெரில்ஸ் ஆஃப் நியோகா'வில். நியோகா என்பது காட்டு நாயகியின் பெயர். 1942இல் வந்தது, இதுவும் 15 எபிசோடு. வெளிநாட்டிலிருந்து டிஸ்க் வரவழைத்தேன். தபால் செலவே டிஸ்க் விலைக்கு வந்தது. அட்டையில் சீரியலின் பெயர், உள்ளே 'நியோகா அண்ட் த லாஸ்ட் சீக்ரெட்ஸ் ஆஃப் ஹிப்போக்ரட்டீஸ்'. அது 1966இல் வெட்டிச் சுருக்கிய படம் என்று தெரியாமல், இரண்டு வருஷம் அந்த சீரியலைப் பார்த்துவிட்டதாகவே நண்பர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். காசு போனதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது. சீரியல் என்றால் இவ்வளவுதானா என்று மற்றதையெல்லாம் தேடாமல் விட்டதும் அதனால்தான்.

நீளம் குறைந்ததோடு போகவில்லை விஷயம். சீரியலின் உயிர் எபிசோடு முடிகிற இடத்தில் இருக்கிறது. நாயகி ஒரு குடிசைக்குள் மாட்டிக்கொள்கிறாள், தீ பிடிக்கிறது, கூரை அப்படியே அவள்மேல் சரிகிறது. அங்கே நிறுத்திவிடுவார்கள். அடுத்த எபிசோடு அதே அரை நிமிஷத்தை மறுபடி காட்டும். ஆனால் இந்த முறை நடுவில் ஒரு புது ஷாட் நுழைந்திருக்கும்: கூரை விழுவதற்கு முன்பே அவள் பின்பக்கத் தட்டியைப் பெயர்த்துக்கொண்டு வெளியே உருண்டுவிடுவாள். 1940களின் பிள்ளைகள் அந்த ஒரு ஷாட்டுக்காக அடுத்த சனிக்கிழமை மேட்னி வரை காத்திருந்தார்கள். வெட்டிய படத்தில் கூரை சரிகிறது, மறு நொடி அவள் வெளியே நிற்கிறாள். பயப்பட நேரமே இல்லை. 15 உச்சங்களை ஒட்டித் தைத்தால் வெறும் ஓட்டமும் அடிதடியும்தான் மிஞ்சும்.

1966க்கு முன்பும் இது நடந்ததுதான். 1935இல் குவாத்தமாலாவில் போய் எடுத்த 'த நியூ அட்வெஞ்சர்ஸ் ஆஃப் டார்ஜான்' 12 எபிசோடு. 1938இல் வந்த 'டார்ஜான் அண்ட் த க்ரீன் காடஸ்' அதிலிருந்து வெட்டி ஒட்டியதுதான்.

வாங்கும் முன் மொத்த நேரத்தைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவா, வைத்துவிடுங்கள். சரியான பிரதியில் ஒவ்வொரு எபிசோடுக்கும் தனி டைட்டில், எண் இருக்கும். முதல் எபிசோடு அரை மணி நேரம் வரை, மற்றவை பெரும்பாலும் 20 நிமிஷத்துக்குள்.

எபிசோடின் தொடக்கத்தை ஓட்டித் தள்ளிவிடுவது

"போன வாரம் பார்த்ததுதானே" என்று தள்ளிவிடாதீர்கள். மேலே சொன்ன அந்தப் புது ஷாட் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு நியோகாவையும் ஒருத்தி என்று நினைப்பது

1941 'ஜங்கிள் கேர்ள்' சீரியலில் நியோகாவாக நடித்தவர் பிரான்சஸ் கிஃபோர்ட். 1942 நியோகா கே ஆல்ட்ரிட்ஜ். கதையில் அப்பா வேறு, குடும்பப் பெயரும் வேறு.

1955இல் தொடங்குவது

1955இல் வந்த 'பேந்தர் கேர்ள் ஆஃப் த கோங்கோ'தான் புதியது, அதிலிருந்து தொடங்கலாம் என்று சிலர் போகிறார்கள். வேண்டாம். செலவைக் குறைக்க அதில் 'ஜங்கிள் கேர்ள்' காட்சிகளை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். பழைய ஷாட்டோடு பொருந்த வேண்டும் என்பதற்காகவே நாயகி ஃபிலிஸ் கோட்ஸுக்கு 1941 நியோகாவின் உடையையே போட்டார்கள். முகம் தெரியும் ஷாட்டில் கோட்ஸ். தூரத்தில் கொடியைப் பிடித்து ஆடுவது 14 வருஷம் முந்தைய படம். 'ஜங்கிள் கேர்ள்' பார்த்த பிறகு இதைப் பார்த்தால் ஒவ்வொரு ஒட்டையும் கண்டுபிடிப்பது தனி சுகம். முதலில் இதைப் பார்த்தாலோ, பழையதன் நல்ல இடமெல்லாம் ஏற்கெனவே செலவாகிப் போயிருக்கும்.

இதுதான் ஆப்பிரிக்கா என்று பிள்ளைகளுக்குக் காட்டுவது

பெரும்பாலும் கலிபோர்னியா. கறுப்பின மக்களைக் காட்டுமிராண்டிகளாகவும் சுமைதூக்கிகளாகவும் மட்டுமே காட்டியிருக்கிறார்கள். அது பொய், அசிங்கம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்திச் சொல்லிவிடுங்கள். அப்புறம் யானையின் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கால ஹாலிவுட்டில் ஆப்பிரிக்க யானையாக நடித்தவை பெரும்பாலும் ஆசிய யானைகள். எம்ஜிஎம் ஸ்டுடியோவின் டார்ஜான் படங்களில் பெரிய காது செய்து மாட்டிவிட்டார்கள். கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை உடனே பிடித்துவிடும்.

பழைய காட்சிகளாகவே வரும் எபிசோடு

யாராவது உட்கார்ந்து நடந்ததையெல்லாம் நினைவுகூரத் தொடங்கினால், அதை மட்டும் ஓட்டித் தள்ளிவிடலாம்.