பல லிப்போ பேக்குகளுக்கு ஒரு சார்ஜர்: ஆம்பியரைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள்

சார்ஜர் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது ஆம்பியர்தான். 10 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று கண்ணைப் பறிக்கும். மாடல் விமானத்துக்கு ஐந்தாறு லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) பேக் வைத்து மாற்றி மாற்றிப் பறக்கவிடுபவருக்கு வேண்டிய எண் அதே பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்: வாட். 10 ஆம்பியர், 50 வாட் என்று போட்டிருக்கும் சார்ஜரில் 6எஸ் பேக்கை (ஆறு செல் தொடராக இணைந்தது, நிரம்பினால் 25.2 வோல்ட்) மாட்டினால், முழு வோல்ட்டை நெருங்கும்போது 2 ஆம்பியர்கூட வராது. 50-ஐ 25.2-ஆல் வகுத்துப் பாருங்கள், புரிந்துவிடும். 5000 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி, பேக்கின் கொள்ளளவு) பேக் ஒன்று அதில் நிரம்ப ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும்.

கடைக்குப் போகும் முன் கையில் இருக்கும் பேக்குகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை எஸ், எத்தனை எம்ஏஹெச், அந்த வகையில் எத்தனை பேக், லிப்போவா வேறா, என்ன கனெக்டர். அடுத்த ஓராண்டில் வாங்க நினைக்கும் பெரிய விமானத்தின் பேக்கையும் சேர்த்து எழுதுங்கள். இன்று 3எஸ் போதும் என்று வாங்கி, ஆறு மாதத்தில் 6எஸ்ஸுக்குப் போய், சார்ஜரை மறுபடி வாங்குவது இந்தப் பொழுதுபோக்கில் சகஜம்.

ஒவ்வொரு பேக்குக்கும் வேண்டிய வாட் இது: செல் எண்ணிக்கை × 4.2 (நிரம்பிய லிப்போ செல்லின் வோல்ட்) × சார்ஜ் ஆம்பியர். சார்ஜ் ஆம்பியருக்கு 1சி, அதாவது பேக்கின் கொள்ளளவுக்குச் சமமான ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 2200 எம்ஏஹெச் பேக்குக்கு 2.2 ஆம்பியர்.

4எஸ் 1500: 16.8 × 1.5 = 25 வாட்
3எஸ் 2200: 12.6 × 2.2 = 28 வாட்
6எஸ் 5000: 25.2 × 5 = 126 வாட்

லேபிளில் 3சி, 5சி வரை சார்ஜ் செய்யலாம் என்று போட்ட பேக்குகள் உண்டு. அவசரத்துக்கு அவற்றை 2சி வரை கொண்டு போகலாம். தினமும் அப்படிச் செய்தால் பேக்கின் ஆயுள் குறையும், உள்தடை (பேக்கின் உள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) ஏறும். கணக்கை 1சியில் போட்டு, சார்ஜரில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி வாங்குவதே நல்லது.

ஒரே நேரத்தில் எத்தனை?

1சியில் ஒரு பேக் நிரம்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடைசியில் 4.2 வோல்ட்டில் நின்று ஆம்பியர் மெல்ல இறங்கும் கட்டம் இருப்பதால் சில நேரம் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் இழுக்கும். ஒரு பறப்பு 8 நிமிடம், இறக்கி மாட்டி ஏற்ற 2 நிமிடம் என்றால், மைதானத்தில் இடைவிடாமல் பறக்க ஆறு ஏழு பேக் சுழற்சியில் இருக்க வேண்டும், அத்தனையும் ஒன்றாகச் சார்ஜ் ஆக வேண்டும். 3எஸ் 2200 ஆறு பேக் என்றால் 168 வாட். முந்தின நாள் இரவு வீட்டில் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு போகிறவருக்கு இதில் பாதி போதும், நேரம்தான் கூடும்.

இரண்டு வழி இருக்கிறது. பல சேனல் (பேக்குக்கு ஒன்றாகத் தனித்தனி வெளியீடு) கொண்ட சார்ஜர் ஒன்று. ஒரே பெரிய சேனலில் பேரலல் போர்டு (பேக்குகளைப் பக்க இணைப்பில் சேர்க்கும் பலகை) போட்டுப் பல பேக்குகளை ஒன்றாக மாட்டுவது இன்னொன்று.

கையில் 2எஸ், 3எஸ், 4எஸ், 6எஸ் என்று கலவையாக இருந்தால் சேனல்தான் வழி. ஒவ்வொரு சேனலும் தன் பேக்கைத் தனியாகப் பார்க்கும், கெட்ட செல் ஒன்று இருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். இங்கே ஒரு சூது உண்டு: சிலவற்றில் நான்கு சேனல், சேனலுக்கு 100 வாட் என்று போட்டிருக்கும், ஆனால் சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகும்போது நான்குக்கும் சேர்த்து 100 வாட்தான் கிடைக்கும். டிசி கொடுத்தால் மட்டும் முழு வாட். வாங்கும் முன் ஏசியில் மொத்தம் எவ்வளவு, டிசியில் மொத்தம் எவ்வளவு என்ற இரண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். நான்கு சேனல் ஒன்றுக்குப் பதில் இரட்டைச் சேனல் சார்ஜர் இரண்டு வாங்கினால் ஒன்று செத்தாலும் அன்றைய பறப்பு நிற்காது.

ஒரே எஸ் எண்ணிக்கையில் ஏழெட்டு பேக் வைத்திருப்பவருக்குப் பேரலல் போர்டு சிக்கனம். ஆனால் அது மன்னிக்காத கருவி. சார்ஜருக்கு அத்தனை பேக்கும் ஒரே பெரிய பேக்காகத்தான் தெரியும். எஸ் எண்ணிக்கையும் வேதியியலும் ஒன்றாக இருக்க வேண்டும். எம்ஏஹெச் வேறுபடலாம், எல்லாவற்றையும் கூட்டி 1சி வையுங்கள். 2200 நான்கு என்றால் 8.8 ஆம்பியர், 111 வாட்.

மாட்டும் முன் ஒவ்வொரு பேக்கையும் செல் செக்கரில் (செல் செல்லாக வோல்ட் காட்டும் சின்னக் கருவி) பாருங்கள். பேக்குகளுக்கிடையே செல்லுக்கு 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். ஏன் இவ்வளவு கறார்? ஒரு 3எஸ் பேக் காலி, பக்கத்தில் ஒன்று பாதி நிரம்பியது, செல்லுக்கு 0.5 வோல்ட் வித்தியாசம் என்று வையுங்கள். மொத்தம் 1.5 வோல்ட். இரண்டு பேக்கின் உள்தடையும் வயரும் சேர்ந்து 30 மில்லி ஓம் என்றால், மாட்டிய கணத்தில் 50 ஆம்பியர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். சார்ஜரை ஆன் செய்யவே இல்லை, அதற்குள் 2200 பேக்குக்கு 22சிக்கு மேல் சார்ஜ்!

வரிசையும் முக்கியம். முதலில் எல்லாப் பேக்கின் பெரிய கனெக்டர், கொஞ்சம் பொறுத்து பேலன்ஸ் லீட் (ஒவ்வொரு செல்லுக்கும் தனி வயர் போகும் சின்ன இணைப்பு). மாற்றிச் செய்தால் அந்தச் சமன் மின்னோட்டம் முழுவதும் பேலன்ஸ் லீட்டின் மெல்லிய வயர் வழியே போகும். பிளாஸ்டிக் உருகும் வாசனை வந்த பிறகுதான் தெரியும். ஃபியூஸ் இல்லாத போர்டை வாங்கவே வாங்காதீர்கள். பேக்கைக் கழற்ற வேண்டுமானால் முதலில் சார்ஜை நிறுத்துங்கள். நான்கில் ஒன்றை நடுவில் பிடுங்கினால் அதன் பங்கு மின்னோட்டம் மீதி மூன்றுக்கும் போய்ச் சேரும்.

12எஸ் பறக்கவிடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு 6எஸ் பேக்குகளைத் தொடராக இணைத்துத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கு 12எஸ் சார்ஜர் தேடி அலைய வேண்டாம். இரண்டு சேனலில் தனித்தனியாகப் போட்டால் ஆயிற்று.

பவர் சப்ளை

டிசி மட்டும் எடுக்கும் சார்ஜருக்குப் பவர் சப்ளை தனியாக வாங்க வேண்டும், இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சார்ஜரில் 15 விழுக்காடு வெப்பமாகப் போகும் என்று வைத்தால், 250 வாட் வெளியே வர 294 வாட் உள்ளே போக வேண்டும். 12 வோல்ட்டில் அது 24.5 ஆம்பியர், 24 வோல்ட்டில் 12 ஆம்பியர் சொச்சம். சப்ளை அதைவிட 20 விழுக்காடு கூடுதலாக, ஏறக்குறைய 350 வாட் இருக்கட்டும். எல்லைக்கு மிக அருகில் ஓடும் சப்ளை சூடாகி, நடுவில் வோல்ட் சரிந்து, சார்ஜர் பிழை காட்டி நின்றுவிடும்.

சார்ஜருக்கும் உள்ளீட்டு ஆம்பியர் எல்லை உண்டு. 15 ஆம்பியர் எல்லை என்றால் 12 வோல்ட்டில் 180 வாட்தான் உள்ளே போகும், 24 வோல்ட்டில் 360. "500 வாட்" என்று விற்கப்படும் சார்ஜர் 12 வோல்ட்டில் பாதிகூடத் தராததற்குக் காரணம் இதுதான். சார்ஜர் ஏற்குமானால் 24 வோல்ட் சப்ளையே வாங்குங்கள்.

மைதானத்தில் கரண்ட் இல்லையென்றால் 12 வோல்ட் டீப் சைக்கிள் (திரும்பத் திரும்ப இறக்கி ஏற்றுவதைத் தாங்கும்) லெட் ஆசிட் பேட்டரி. 60 ஏஹெச்சில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 360 வாட்-மணி கையில். 80 விழுக்காடு தீர்ந்த 3எஸ் 2200 பேக்கை நிரப்ப, இழப்பையும் சேர்த்து 23 வாட்-மணி. பதினைந்து பேக். காரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் இதைச் செய்தால் மாலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்.

பேலன்ஸ், ஸ்டோரேஜ்

சின்னச் சார்ஜர்களில், செல்களைச் சமப்படுத்தும் பேலன்ஸ் மின்னோட்டம் 200 மில்லி ஆம்பியர்தான். 5000 பேக்கில் ஒரு செல் 2 விழுக்காடு, அதாவது 100 எம்ஏஹெச் முந்திப் போயிருந்தால் அதைச் சரிசெய்ய அரை மணி நேரம். அதே பேக் நான்கைப் பேரலலில் போட்டு, எல்லாவற்றிலும் அதே செல் முந்தியிருந்தால் 400 எம்ஏஹெச், இரண்டு மணி நேரம். சார்ஜ் முடிந்த மாதிரி 99 விழுக்காட்டில் நின்று உயிரை வாங்குவது இதனால்தான். பெரிய பேக், பேரலல் இரண்டில் எது இருந்தாலும் 1 ஆம்பியர் பேலன்ஸ் உள்ளதைத் தேடுங்கள்.

ஸ்டோரேஜ் வசதி (பறக்காத நாட்களில் வைக்கப் பேக்கைப் பாதியளவுக்குக் கொண்டுவருவது) பெரும்பாலான சார்ஜர்களில் இருக்கும். எவ்வளவு வாட்டில் இறக்கும் என்பதுதான் கேள்வி. மழை வந்து பறக்காமல் திரும்பிய 6எஸ் 5000 பேக்கில் 111 வாட்-மணி இருக்கிறது. செல்லுக்கு 3.85 வோல்ட் வர பாதியை இறக்க வேண்டும். 8 வாட்டில் இறக்கும் சார்ஜருக்கு அதற்கே 7 மணி நேரம். நிரம்பிய பேக்கை வாரக்கணக்கில் அப்படியே வைத்தால் உப்பும். பெரிய பேக்குக்காரர்கள் வெளி ரெசிஸ்டரோ பல்போ மாட்டி இறக்க வசதியுள்ள சார்ஜராகப் பாருங்கள்.

மெனுவில் லிப்போ 4.20, ஹெச்வி (உயர் வோல்ட் லிப்போ) 4.35, லைஃபி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) 3.60 மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ரிசீவருக்கு 2எஸ் லைஃபி வைத்திருப்பவர் அதை லிப்போ மோடில் போட்டால் ஓவர் சார்ஜ். சாதாரண லிப்போவை ஹெச்வியில் போட்டாலும் அதே கதை, தீ வரை போகலாம். எஸ் எண்ணிக்கையைத் தானே பேலன்ஸ் லீட் வழி எண்ணி, தவறாக அமைத்தால் தொடங்க மறுக்கும் சார்ஜர் வேண்டும்.

வாங்கி வந்ததும்

சார்ஜ் வயரின் பனானா பிளக்கை (சார்ஜர் பக்கத்து இரண்டு தனி முனைகள்) முதலில் சார்ஜரில் செருகுங்கள், பிறகு பேக்கை மாட்டுங்கள். கழற்றும்போது தலைகீழ். தொங்கும் இரண்டு பனானா முனைகள் தொட்டுக்கொண்டால் ஷார்ட். முதல் பேக்கைச் சிமெண்ட் தரையிலோ ஓட்டின் மேலோ வைத்து, பக்கத்தில் இருந்து பாருங்கள். உப்பிய பேக், பறந்து வந்த சூடு ஆறாத பேக், 0 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த பேக் எதையும் மாட்டாதீர்கள்.

சார்ஜ் முடிந்ததும் நல்ல மல்டிமீட்டரால் பேலன்ஸ் லீட்டில் ஒவ்வொரு செல்லாக அளந்து, சார்ஜர் திரையோடு ஒப்பிடுங்கள். 4.18 முதல் 4.20 வரை சரி. 4.23 காட்டினால் அந்தச் சேனலில் காலிப்ரேஷன் மெனு இருந்தால் திருத்துங்கள், இல்லையென்றால் சார்ஜரைத் திருப்பிக் கொடுங்கள். எல்லாச் சேனலிலும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். ஒரு சேனல் சரியாக இருப்பதால் பக்கத்துச் சேனலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.