பெரிய கேமிங் லேப்டாப்பை எப்படி சோதிச்சு எடுக்குறது: நம்ம ஊரு வெய்யிலுக்கு ஏத்த செய்முறை

ரெண்டு லட்சம், ரெண்டரை லட்சம் குடுத்து 16 இல்ல 18 இன்ச்சுல கேமிங் லேப்டாப் எடுக்கப் போறவங்களுக்குத்தானுங்க இது. கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னாலும் பரவால்ல, பையன் கேட்டான்னு பணம் கட்டப் போற அப்பாவா இருந்தாலும் சரி, படிச்சுட்டே ஒண்ணொண்ணா செஞ்சு பாக்கலாம். யூடியூப்ல வர்ற ரிவ்யூ முக்காவாசி ஏசி ரூம்புல எடுத்தது, அங்க 22, 24 டிகிரிதான் இருக்கும். ஈரோட்டுலயோ கரூர்லயோ ஏப்ரல் மாசம் மத்தியானம், ஃபேன் மட்டும் சுத்துற ரூம்புல அதே லேப்டாப் எப்படி ஓடும்ங்கிறது வேற கணக்குங்க. அதனால மொத அஞ்சு நிமிசம் எவ்வளவு வேகம்னு பாத்து மயங்காதீங்க, அரை மணி நேரம் கழிச்சு உங்க ஊட்டு ரூம்புல அந்த வேகம் நிக்குதான்னு பாருங்க. கீழ சொல்றது முச்சூடும் அதுக்கோசரந்தான்.

படி 1: பேரைப் பாக்காதீங்க, வாட்டைப் பாருங்க

கேம் படத்தை வரையறது கிராஃபிக்ஸ் கார்டுதானுங்க, சுருக்கமா கார்டு, ஜிபியுன்னும் சொல்லுவாங்க. கடைக்காரர் "ஆர்டிஎக்ஸ் 4070 இருக்குதுங்ணா"ன்னு சொன்னா அதோட நிறுத்திராதீங்க, அந்த கார்டு எத்தனை வாட்டு கரண்டு இழுக்கும்னு கேளுங்க. லேப்டாப்புக்கு வர்ற 4060, 4070 ரெண்டையுமே 35 வாட்டுல இருந்து 115 வாட்டு வரைக்கும் எப்படி வேணாலும் வெச்சுக்கலாம்னு அதைச் செய்யுற என்விடியாவே லேப்டாப் கம்பெனிகளுக்கு விட்டிருக்கு. தோட்டத்துல ஒரே கம்பெனி மோட்டார்ல 3 எச்பி எடுக்கறதா 7.5 எச்பி எடுக்கறதாங்கிற மாதிரி, வெளிய இருக்கிற பேரு ஒண்ணுதான், ஆனா தண்ணி வேற. வாட்டு கொறைச்சு வெச்ச 4070-ஐ விட முழு வாட்டுல ஓடுற 4060 நல்லா ஓடுன கதையெல்லாம் இருக்குதுங்க.

இன்னொரு விசயம், டெஸ்க்டாப் கார்டும் லேப்டாப் கார்டும் பேர்லதான் ஒண்ணு. டெஸ்க்டாப் 4090ல 24 ஜிபி மெமரி, 450 வாட்டு. லேப்டாப் 4090ல 16 ஜிபிதான், அதுக்குள்ள இருக்கிற சிப்பே டெஸ்க்டாப் 4080ல வர்ற ஏடி103 சிப்புதான், வாட்டு 150, அதுக்கு மேல டைனமிக் பூஸ்ட்னு ப்ராசசர்கிட்ட (சிபியுன்னும் சொல்ற லேப்டாப்போட மூளைகிட்ட) இருந்து ஒரு 25 வாட்டு கடன் வாங்கி 175 வரைக்கும் போகும். புது 50 சீரிஸ்லயும் இதே கதை, லேப்டாப் 5070ல 8 ஜிபி, 5070 டிஐல 12, 5080ல 16, 5090ல 24. இப்ப வர்ற கேம்ல டெக்ஸ்சரை (படத்தோட நுணுக்கத்தை) ஏத்தி வெச்சா 8 ஜிபி சீக்கிரம் ரொம்பிருது, அதனால பெரிய ஸ்க்ரீன் லேப்டாப் எடுத்து அஞ்சு வருசம் ஓட்டணும்னு நெனைக்கிறவங்க 12 ஜிபிக்கு கீழ போக வேண்டாம்ங்கிறது என்ற ரோசனை.

வாட்டை எங்க பாக்குறதுன்னா, கம்பெனி வெப்சைட்ல அந்த மாடலோட ஸ்பெசிஃபிகேஷன்ல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. கடையில டெமோ பீஸ் ஆன்ல இருந்தா என்விடியா கண்ட்ரோல் பேனலைத் தொறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அமுத்துங்க, மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்னு ஒரு வரி இருக்கும். போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

படி 2: கடையில கையில தூக்கிப் பாக்குறது

கோயமுத்தூர் காந்திபுரத்துல கடை கடையா ஏறி எறங்கறப்போ டேபிள் மேல பாக்க நல்லா ஜம்முனுதான் இருக்கும். தூக்கிப் பாருங்க. 18 இன்ச்சு லேப்டாப் மட்டுமே 3 கிலோ தாண்டும், 330 வாட்டு அடாப்டர் செங்கல்லு கணக்கா ஒரு கிலோ வரும், ஆக நாலு கிலோவைத் தோள்ல மாட்டிட்டு டவுன் பஸ்ல நிக்கணும். சாதாரண 15.6 இன்ச்சு பேக்ல இது நொழையவே நொழையாது, பேக்கும் தனியா வாங்கணும். டெய்லி காலேஜுக்கு எடுத்துட்டுப் போற பையனுக்கு 18 இன்ச்சு வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், ஊட்டுலயே ஒரு டேபிள்ல கெடக்கப் போகுதுன்னா தாராளமா எடுங்க.

கீபோர்டு நடுவுல விரல்ல அமுத்திப் பாருங்க, குழி விழுந்தா மாதிரி எறங்குச்சுன்னா எனக்குப் புடிக்காது. கீலை ஒரு கையில தொறந்து பாருங்க. காத்து எந்தப் பக்கம் வெளிய வருதுன்னு பாருங்க, வலது பக்கம் வந்துச்சுன்னா மவுஸ் புடிக்கிற கை வெந்துரும். அப்புறம் முக்கியமா ஒண்ணு கேளுங்க: வாரண்டியில ஆளு ஊட்டுக்கே வருவாங்களா, உங்க பின்கோடுக்கு வருவாங்களா? கோயமுத்தூர் சிட்டிக்குள்ள வருவாங்க, கோபியிலயோ தாராபுரத்துலயோ காங்கேயத்துலயோ இருந்தா நீங்கதான் தூக்கிட்டு வரணும்னு பின்னாடி சொல்லிருவாங்க, முன்னாடியே கேட்டுப்போடுங்க.

படி 3: பெட்டியைத் தொறக்கறப்ப

ஆன்லைன்ல வாங்குனா பெட்டியைத் தொறக்கறதை வெட்டாம ஒரே வீடியோவா எடுங்க. பெட்டியில இருக்கிற சீரியல் நம்பரும், லேப்டாப் அடியில இருக்கிற நம்பரும், பில்லுல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாத்துட்டு கம்பெனி சைட்ல போட்டு வாரண்டி எப்ப இருந்து ஆரம்பிச்சிருக்குன்னு பாருங்க. நீங்க வாங்குனது இந்த மாசம், வாரண்டி நாலு மாசம் முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருந்தா, பில்லைக் காட்டி தேதியை மாத்தச் சொல்லோணும், அதுக்கு வழி இருக்கு. திருப்பிக் குடுக்குற நாள் எத்தனைன்னும் அன்னைக்கே பாத்து வெச்சுக்குங்க, மத்த சோதனையெல்லாம் அதுக்குள்ள முடிக்கணும்.

படி 4: சோதனைக்கு முன்னாடி

விண்டோஸ் அப்டேட், கிராஃபிக்ஸ் டிரைவர், பயாஸ் (லேப்டாப் ஆன் ஆகறப்ப மொதல்ல ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் எல்லாம் போட்டு ஒரு ராத்திரி விடுங்க, மொத நாள் பின்னாடி என்னென்னமோ ஓடிட்டே இருக்கும், அப்ப எடுக்குற நம்பர் எதுக்கும் ஆகாது. கம்பெனி ஆப்ல பெர்ஃபார்மன்ஸ் மோடு வைங்க. அடாப்டர் கண்டிப்பா மாட்டணும். பேட்டரியில ஏன் கேம் சரியா ஓடறதில்லைன்னு நெறைய பேரு கேக்குறாங்க, பிளைட்ல பர்மிசன் இல்லாம 100 வாட்டவர் (பேட்டரி புடிக்கிற கரண்டோட அளவு) வரைக்கும்தான் எடுத்துட்டுப் போகலாம், அதனாலதான் பெரிய லேப்டாப்ல எல்லாம் 99, 99.9ன்னு நிறுத்திருவாங்க. ப்ராசசரும் கார்டும் சேந்து 200 வாட்டுக்கு மேல தின்னா அந்த பேட்டரி அரை மணி நேரங்கூட தாங்காது, அதுனால பேட்டரியில அதுவே வாட்டைக் கொறைச்சுக்கும். அது கோளாறு இல்லீங்க.

அடாப்டரை மாட்டி, லேப்டாப்போட மெட்டல் மேல கையை வெச்சா சுருசுருன்னு லேசா அடிக்குதா? எர்த் இல்லாத பிளக்குல இது வரும். மூணாவது பின்னை ஒடிச்சுட்டு ரெண்டு பின்ல மாட்டறவங்க இருக்காங்க, அப்படிச் செய்யாதீங்க, எலக்ட்ரீசியனைக் கூப்புட்டு எர்த்தைப் பாத்துப்போடுங்க. இன்வெர்ட்டர் சைன் வேவா இருந்தா நல்லது, கரண்டு போன நேரத்துல கேம் ஓட்டுனீங்கன்னா ஊட்டுல ஃபேனுக்கு மிச்சம் இருக்காது, அம்மா திட்டுவாங்க.

படி 5: சூடு

இதுதானுங்க மெயின். சித்த நேரம் ஒதுக்கி செய்யுங்க.

எச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, இறக்கி சென்சார்ஸ் மட்டும்னு டிக் பண்ணி ஓட்டுங்க. நெம்ப வரி வரும், பயந்துக்காதீங்க, நமக்கு வேண்டியது நாலஞ்சுதான்: சிபியு பேக்கேஜ் சூடு, சிபியு பேக்கேஜ் பவர், ஜிபியு சூடு, ஜிபியு பவர், ஜிபியு ஹாட் ஸ்பாட் (கார்டு சிப்புல அதிகமா சூடாகற எடம்). கீழ இருக்கிற லாக் பட்டனை அமுத்துனா எல்லாத்தையும் சிஎஸ்வி ஃபைலா (எக்செல்ல தொறக்கற பட்டியலா) எழுதி வெச்சுக்கும், அதை கண்டிப்பா ஆன் பண்ணுங்க.

மொதல்ல ப்ராசசர். சினிபெஞ்ச் 2024ங்கிற வேகம் பாக்குற சாஃப்ட்வேரை இறக்கி மல்டி கோர் (ப்ராசசரோட எல்லா கோரும் சேந்து ஓடுற சோதனை) ஓட்டுங்க, அது சாதாரணமாவே 10 நிமிசம் திரும்பத் திரும்ப ஓடும். செட்டிங்ல அதை 30 நிமிசமாக்கிட்டு, தனியா ஒரு தடவை ஒரே ரவுண்டு மட்டும் ஓட்டி அந்த நம்பரையும் எழுதிக்குங்க. ஒரே ரவுண்டுல 1700 பாயிண்ட் வந்து, அரை மணி நேரம் ஓடுன பொறகு 1500 வந்தா 12 சதவீதம் எறங்கியிருக்குன்னு அர்த்தம். என்ற கணக்குல 10 சதவீதத்துக்குள்ள இருந்தா நல்ல மெசினு, 20க்கு மேல போச்சுன்னா கூலிங் பத்தலை.

ப்ராசசர் சூடு 95, 100ன்னு தொட்டுருச்சேன்னு வெசனப்படாதீங்க. இன்டெல் கம்பெனியோட எச்எக்ஸ்னு முடியற ப்ராசசர் எல்லாம் 100 டிகிரி வரைக்கும் தாங்குற மாதிரிதான் செஞ்சது, சினிபெஞ்ச்ல அங்க போய் நிக்கிறது சகஜம். பாக்க வேண்டியது வாட்டு: மொதல்ல 130 வாட்டு இழுத்தது பத்து நிமிசத்துல 50 வாட்டுக்கு வந்துருச்சான்னு பாருங்க. கோர் கோரா பாக்குறப்ப ஒண்ணு 80லயும் பக்கத்துது 100லயும் இருந்தா உள்ள சூட்டைக் கடத்துற பேஸ்ட் சரியா ஒட்டலைன்னு சந்தேகப்படலாம், அப்படி வந்தா மாத்திக் குடுன்னு கேட்டுருங்க.

பதினஞ்சு நிமிசம் ஆற விட்டுட்டு கார்டு. 3டி மார்க்ங்கிற சோதனை சாஃப்ட்வேர்ல டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, 20 தடவை ஓட்டி, ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் வருதுங்கிறது) 97 சதவீதத்துக்கு மேல நிலையா இருந்தாத்தான் பாஸ் போடும். ஆனா ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டுக்கு காசு கட்டணும். காசு வேண்டாம்னா யூனிஜின் ஹெவனை இறக்கி செட்டிங் முழுசா ஏத்தி விடுங்க, நீங்க நிறுத்துற வரைக்கும் அதுபாட்டுக்கு சுத்திட்டே இருக்கும். ஜிபியு பவர் வரியைப் பாருங்க, படி 1ல போட்டோ எடுத்தீங்களே அந்த வாட்டுக்கு பக்கத்துல நிக்குதா? 140 போட்டிருக்கிறவன் 95ல நின்னா ஏன்னு பாக்கணும், மோடு சரியா வெச்சிருக்கீங்களான்னு மொதல்ல பாருங்க. ஜிபியு சூடு 85க்குள்ள இருந்தா நிம்மதி. ஹாட் ஸ்பாட் அதுக்கு மேல 10, 15 டிகிரி இருக்கலாம், 25க்கு மேல வித்தியாசம் வந்தா நல்லதில்ல. 50 சீரிஸ் கார்டுல அந்த ஹாட் ஸ்பாட் வரி காட்டாது, உங்க லேப்டாப்ல குறைன்னு நெனச்சுக்காதீங்க.

கடைசியா, நீங்க நெசமா விளையாடுற கேமை அரை மணி நேரம் விளையாடுங்க, ப்ராசசரும் கார்டும் சேந்து சூடாகறது அப்பத்தான் தெரியும்.

இப்ப ரூம்பு கணக்கு. ஒரே வாட்டு, ஒரே ஃபேன் வேகம்னா ரூம்பு 10 டிகிரி ஏறுனா சிப்பும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும், ஏற எடமில்லைன்னா வேகத்தைக் கொறைச்சுக்கும். கோயமுத்தூர்ல பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கிற ஆடி மாசத்துல சோதிச்சு 78 டிகிரின்னு சந்தோசப்பட்டா, அதே மெசினு சித்திரையில 86, 88க்கு வந்து நிக்கும். அதனால குளுந்த மாசத்துல வாங்குனா, கெடைக்கிற சூட்டோட நீங்களே ஒரு 8, 10 கூட்டிப் போட்டு முடிவு பண்ணுங்க. கடை ஏசியில காட்டுற டெமோவுக்கும் இதே கணக்குதான். வெய்ய மாசத்துல வாங்குறவங்க குடுத்து வெச்சவங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏசி போடாம ஓட்டிப் பாத்தா போதும்.

பல்லடம், சோமனூர், திருப்பூர்ப் பக்கம் இருக்கிறவங்க இன்னொண்ணு பாக்கோணும். தறி ஓடுற ஊட்டுல, பனியன் கம்பெனி ஆபீஸ்ல எல்லாம் காத்துல பஞ்சு பறக்கும், லேப்டாப் அடியில இருக்கிற ஃபேன் அதை உறிஞ்சி உள்ள கம்பிளி மாதிரி அடைச்சுப்போடும். அடி மூடியை கழட்டறது சுலபமா, கழட்டுனா வாரண்டி போகுமான்னு வாங்குறப்பவே கேட்டுக்குங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா சுத்தம் பண்ணாம அங்க ஓட்ட முடியாது.

படி 6: ஸ்க்ரீன்

நெறைய பேரு 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 தடவை படம் மாத்துற) ஸ்க்ரீன் வாங்கி 60லயே ஓட்டுறாங்க. செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேன்னு போய் எத்தனைல இருக்குன்னு பாத்து மாத்துங்க. கம்பெனி ஆப்ல மக்ஸ் ஸ்விட்ச் இருந்தா டிஸ்க்ரீட் மோடுக்கு மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, இல்லைன்னா பெரிய கார்டு வரையற படம் ப்ராசசருக்குள்ள இருக்கிற சின்ன கார்டு வழியா சுத்தித்தான் ஸ்க்ரீனுக்கு வரும், அங்க கொஞ்சம் வேகம் போகும். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம்னு முழு ஸ்க்ரீன் கலர் வெச்சு புள்ளி ஏதாச்சும் செத்திருக்கான்னு பாருங்க. பனியன் டிசைன், எம்ப்ராய்டரி வேலைக்கும் இதுவேதான்னா எஸ்ஆர்ஜிபிங்கிற கலர் அளவை 100 சதவீதம் காட்டாத ஸ்க்ரீனை எடுக்கவே எடுக்காதீங்க, கலர் மாறி பார்ட்டிகிட்ட திட்டு வாங்குவீங்க.

படி 7: ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி

டாஸ்க் மேனேஜர்ல மெமரியை அமுத்துனா ஸ்லாட் எத்தனை யூஸ் ஆகுதுன்னு காட்டும். 2ல 1ன்னு இருந்தா ஒத்தை ரேம் போட்டு ஏமாத்தியிருக்காங்க, ஜோடியா போட்டாத்தான் கேம்ல முழு வேகம் கெடைக்கும். கிரிஸ்டல் டிஸ்க் மார்க் ஓட்டுனா ஜென் 4 எஸ்எஸ்டி (ஃபைலெல்லாம் இருக்கிற டிஸ்க்) படிக்கிற வேகம் நொடிக்கு 5000ல இருந்து 7000 எம்பி வரும், 3500ல நின்னா அது பழைய ஜென் 3. அதே எச்டபிள்யூஇன்ஃபோல பேட்டரி வேர் லெவல்னு (பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்குங்கிறது) இருக்கும், புது பீஸ்ல 5 சதவீதத்துக்கு மேல காட்டுனா எங்கயோ ஓடிட்டு வந்த பீஸான்னு கேளுங்க. எப்பவும் பிளக்குலயே கெடக்கும்னா ஆப்ல சார்ஜை 80ல நிறுத்தி வைங்க.

படி 8: சத்தம்

போன்ல டெசிபல் ஆப் போட்டு, உங்க காது இருக்கிற எடத்துல வெச்சு பாருங்க. பெரிய லேப்டாப் முழு வேகத்துல 50 டெசிபல் தாண்டறது சாதாரணம், ஹெட்போன் போட்டா உங்களுக்குத் தெரியாது, பக்கத்துல படுத்திருக்கிறவங்களுக்குத் தெரியும். ராத்திரி விளையாடறவங்க பேலன்ஸ்டு மோடுலயும் ஒரு தடவை படி 5ஐ ஓட்டிப் பாருங்க, ஃப்ரேம் கொஞ்சம் எறங்கி சத்தம் பாதியா போச்சுன்னா அதுலயே ஓட்டலாம், எனக்கு அதுதான் புடிக்கும்.

அந்த சிஎஸ்வி ஃபைலை எல்லாம் தேதி, ரூம்பு சூடு, எந்த மோடுன்னு பேர் போட்டு டிரைவ்ல ஏத்தி வைங்க. அடுத்த சித்திரையில ஒருக்கா ஓட்டிப் பாத்து ஜிபியு வாட்டு எறங்கியிருந்தா மொதல்ல பஞ்சைச் சுத்தம் பண்ணுங்க, அப்பவும் ஏறலைன்னா ரெண்டு ஃபைலையும் சேத்து சர்வீசுக்கு மெயில் போடுங்க, "சூடாகுதுங்க"ன்னு வாயில சொன்னா "கேமிங் லேப்டாப்னா அப்படித்தான் சார்"னு சொல்லி அனுப்பிருவாங்க.