இடைக்கால ஐரோப்பாவின் முடிவு: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஐரோப்பிய இடைக்காலத்தின் கடைசி இரு நூற்றாண்டுகளைப் பற்றிப் புதிதாக எழுத வருகிறவர்கள், முன்னே போனவர்கள் விழுந்த அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழையெல்லாம் மெய்ப்புப் பார்க்கும்போது சரியாகிவிடும். வாதத்தையே கவிழ்க்கிற பிழைகள் வேறு.

கதையை 1347இல் தொடங்குவது

சிசிலியின் மெசினா துறைமுகத்துக்குக் 'கறுப்பு மரணம்' என்கிற கொள்ளைநோயைச் சுமந்த கப்பல்கள் வந்த 1347 அக்டோபரில் தொடங்கினால் கதை சூடுபிடிக்கும், காரணம் கைநழுவிவிடும். 1315இன் விடாத மழையிலிருந்து தொடங்குங்கள்.

கணக்கு எளிது. அன்றைய வடமேற்கு ஐரோப்பாவில் ஒரு மூட்டை கோதுமை விதைத்தால் நல்ல ஆண்டில் நான்கு மூட்டை கிடைக்கும். அதில் ஒன்று மறுவருட விதைக்கு. மிச்சம் மூன்றில்தான் வீட்டுச் சாப்பாடு, பிரபுவின் பங்கு, தேவாலயத்துக்குத் தசமபாகம் எல்லாம். மழையில் விளைச்சல் பாதியானால் இரண்டு மூட்டை. விதையை எடுத்துவைத்தால் மிச்சம் ஒன்றே ஒன்று. விளைச்சல் பாதியாகும்போது சாப்பாடு மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. பசியில் விதையையும் தின்றுவிட்டால் அடுத்த வருடமும் போச்சு. வெயில் இல்லாததால் உப்பும் சரியாக விளையவில்லை. உப்பில்லாமல் இறைச்சியைப் பதப்படுத்த வழியில்லை. 1316இல் ஃபிளாண்டர்ஸின் (இன்றைய பெல்ஜியம்) ஈப்பர் நகரம் மட்டும் ஆறே மாதத்தில் ஏறக்குறைய 2,800 பிணங்களை ஊர்ச் செலவில் புதைத்தது. பிறகு 1319 முதல் 1321 வரை இங்கிலாந்தில் மாட்டுநோய் வந்து உழவு மாடுகளை வாரிக்கொண்டு போனது.

புளோரன்சின் பெருஸ்ஸி, பார்தி வங்கிக் குடும்பங்கள் திவாலானது 1343இலும் 1346இலும். கொள்ளைநோய் இன்னும் கரையே ஏறவில்லை.

"ஆள் செத்தார்கள், கூலி ஏறியது, பண்ணையடிமை ஒழிந்தது"

எத்தனை முறை படித்தாலும் எரிச்சலூட்டும் வாக்கியம் இதுதான். மூன்று துண்டுகளில் முதல் துண்டு மட்டும் உண்மை. மற்ற இரண்டும் எங்கே, எப்போது என்று கேட்டதும் ஆட்டம் காண்கின்றன.

கூலியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் நோய் தணியும் முன்னே, 1349இல், அரசாணை வந்தது. 1351இல் அது தொழிலாளர் சட்டமானது: கூலி 1346 அளவைத் தாண்டக் கூடாது. புல் உலர்த்துகிறவருக்கு நாளொன்றுக்கு 1 பென்னி. அறுவடைக்காரருக்கு ஆகஸ்ட் முதல் வாரம் 2 பென்ஸ், இரண்டாம் வாரம் 3. மீறுகிறவர்களின் காலை மாட்ட ஊருக்கு ஊர் தொழுமரம் வைக்கச் சொன்னது அதே சட்டம். சட்டத்தை மீறி வாங்கியவர்கள் ஏராளம்தான். ஆனால் தானிய விலையும் உச்சத்திலேயே நின்றது. 1370களின் நடுவில் விளைச்சல் தேறி விலை இறங்கிய பிறகுதான் கூலிக்காரரின் காசு கூடுதல் ரொட்டி வாங்கியது. நடுவே 25 ஆண்டுகள். அதற்குள் 1361, 1369, 1375 என்று நோய் மூன்று முறை திரும்பியது. "கொள்ளைநோய்க்குப் பின் ஏழைக்குப் பொற்காலம்" என்று எழுதுகிறவர் ஒரு தலைமுறையை அப்படியே விழுங்கிவிடுகிறார்.

அடுத்து பண்ணையடிமை, அதாவது குடியானவரைப் பிரபுவின் நிலத்தோடு கட்டிப்போட்ட முறை. இங்கிலாந்தில் 1381இன் குடியானவர் கிளர்ச்சி அதை ஒழித்தது என்பார்கள். ஆளுக்கு 12 பென்ஸ் என்ற தலைவரிதான் பொறி. ஜூன் 14 அன்று மைல் எண்டில் 14 வயது அரசன் இரண்டாம் ரிச்சர்டு விடுதலைச் சாசனங்களைக் கொடுத்தது உண்மை. மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் கிளர்ச்சித் தலைவர் வாட் டைலர் வெட்டுப்பட்டார். ஜூலை 2ஆம் தேதி சாசனங்கள் ரத்து. இங்கிலாந்தில் பண்ணையடிமையைச் சட்டம் போட்டு யாரும் ஒழிக்கவில்லை. நிலம் தரிசாகக் கிடந்ததால் பிரபுக்கள் குத்தகைக்கு விட்டார்கள். பண்ணை நீதிமன்றப் பதிவேட்டின் நகலே குடியானவருக்குப் பட்டா போல ஆனது. வெட்டிவேலை பணமாக மாறியது. 15ஆம் நூற்றாண்டு முழுக்கச் சத்தமில்லாமல் கரைந்த விஷயம் இது.

ஜெர்மனியின் எல்பே நதிக்குக் கிழக்கே போங்கள், சூத்திரம் தலைகீழாகும். போலந்தில் 1496 சட்டப்படி ஒரு கிராமத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு குடியானவர்தான் வெளியேறலாம். 1520இல் வாரம் ஒரு நாள் வெட்டிவேலை கட்டாயம். ரஷ்யாவில் 1497 முதல் இடம் மாற அனுமதி, நவம்பர் 26 வரும் புனித ஜார்ஜ் திருநாளுக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம். ஆள் பற்றாக்குறை அங்கேயும் உண்டு. அதைக் காட்டியே பிடியை இறுக்கினார்கள். ஓடிப்போனால் ஒளிந்துகொள்ள வலுவான நகரங்கள் குறைவு, மன்னர்கள் பிரபுக்களை நம்பி இருந்தார்கள், விஸ்துலா நதி வழியாக டான்சிக் துறைமுகம் போன தானியத்துக்கு நல்ல விலை. நோய் கூலிக்காரரின் கையை வலுப்படுத்தலாம். பேரத்தில் ஜெயிப்பது யார் என்பதை முடிவு செய்வது இந்த மூன்றும்தான்.

"கூலி உயர்ந்தது" என்று எழுதினால் பக்கத்திலேயே ஊரையும் பத்தாண்டையும் தானிய விலையையும் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

பறவை அலகு முகமூடி

கொள்ளைநோய் மருத்துவர்கள் அணிந்த இது 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 1348 கட்டுரையில் படமாகப் போடாதீர்கள்.

கஃபாவின் பிண வீச்சு

1346இல் கருங்கடல் துறைமுகமான கஃபாவை முற்றுகையிட்ட மங்கோலியப் படை நோய்ப் பிணங்களைக் கோட்டைக்குள் எறிந்தது என்று எழுதிய கப்ரியேலே தே முஸ்ஸி இத்தாலியின் பியாசென்சாக்காரர். முற்றுகையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நூறாண்டுப் போர்

பெயரை நம்பி நூறு ஆண்டு என்று எழுதாதீர்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த இந்தப் போர் 1337 முதல் 1453 வரை, 116 ஆண்டுகள். இடையில் நீண்ட போர்நிறுத்தங்கள்.

இரண்டு பிளவுகளைக் குழப்புவது

திருச்சபை கிழக்கு, மேற்கு என்று பிரிந்த 1054 பிளவு வேறு, 1378 முதல் 1417 வரை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட போப்கள் இருந்த போப்பாண்டவர் பிளவு வேறு. 1309–1377 அவிஞோன் காலம் பிளவே அல்ல. அப்போது போப் ஒருவர்தான், ஊர்தான் மாறியது. 1409இல் பீசாவில் கூடியவர்கள் இரண்டு போப்களையும் நீக்குவதாக அறிவித்து மூன்றாமவரைத் தேர்ந்தார்கள். முதல் இருவரும் நகரவில்லை. சண்டை தீர்ந்தது 1417 நவம்பரில், கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தபோது. போஹீமியாவின் சீர்திருத்தப் போதகர் யான் ஹுஸை 1415இல் எரித்ததும் அதே சங்கம்தான்.

"1453இல் கான்ஸ்டான்டினோபிள் துருக்கியரிடம் விழுந்ததும் கிரேக்க அறிஞர்கள் இத்தாலிக்கு ஓடிவந்து மறுமலர்ச்சியைத் தொடங்கினார்கள்"

இல்லை. கான்ஸ்டான்டினோபிள் அறிஞர் மனுவேல் கிரிசோலோராஸ் புளோரன்சில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கியது 1397இல். அவரிடம் படித்த மறுமலர்ச்சி அறிஞர் லியோனார்தோ புரூனி, கான்ஸ்டான்டினோபிள் விழுவதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1444இல் இறந்துவிட்டார்.