ஹங்கர் கேம்ஸ்: எங்கே நிதானிக்க வேண்டும், எங்கே ஓட வேண்டும்

வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் நான் கணக்குப்பிள்ளை. சொந்த ஊர் கம்பம். காய் எடுப்பு நாட்களில் ராத்திரி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே தங்கி, பச்சைக்காய் உலரும்வரை சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு ராத்திரிக்குத்தான் பிளஸ் ஒன் படிக்கும் மகள், "அப்பா, இதைப் படிங்க, தூக்கமே வராது" என்று ஒரு புத்தகத்தைப் பையில் வைத்தாள். சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்'. பிள்ளைகள் கதைதானே என்று எடுத்தேன். விடியும்போது பாதி தாண்டியிருந்தது.

படத்தை முதலில் பார்த்துவிடாதீர்கள். புத்தகத்தில் காட்னிஸ் என்ற 16 வயதுப் பெண், நடப்பதை நடக்க நடக்கத் தானே சொல்கிறாள். அடுத்து என்ன என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வாக்கியங்கள் சின்னவை. புரியாத சொல்லுக்காக நிற்காமல் போங்கள், இரண்டு பக்கத்தில் அதுவே விளங்கிவிடும்.

முதல் அத்தியாயத்தில் மட்டும் ஒரு பேனாவோடு உட்காருங்கள். பானெம் என்ற நாடு, 12 மாவட்டங்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் எனச் சீட்டுக் குலுக்கி 24 பேரைக் களத்தில் விடுகிறார்கள். ஒருவர் மிஞ்சும்வரை கொன்றுகொள்ள வேண்டும். 12 வயதில் ஒரு சீட்டு, பிறகு வருஷம் ஒன்று கூடும். வீட்டில் பசி என்றால், ஒரு ஆளுக்கான தானியமும் எண்ணெயும் வாங்க அந்தப் பிள்ளை தன் பெயரில் இன்னொரு சீட்டு எழுதிக்கொடுக்கலாம். காட்னிஸ் தனக்கு, தங்கைக்கு, அம்மாவுக்கு என்று மூன்று வாங்கியதால், கட்டாயச் சீட்டோடு சேர்த்து வருஷத்துக்கு நான்கு. எதுவும் கழியாது. 16 வயதில் 20 சீட்டு. அவள் தோழன் கேலுக்கு 18 வயது, வீட்டில் ஐந்து பேர். எடைச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: வருஷத்துக்கு ஆறு சீட்டு, 12 முதல் 18 வரை ஏழு வருஷம், ஆறேழு 42. புத்தகத்திலும் அதேதான். ரேஷன் அரிசியில் வளர்ந்த எனக்கு அந்த 42 நெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. தங்கைக்கு ஒரே ஒரு சீட்டு. குலுக்கலில் யார் பெயர் வருகிறது என்று நான் சொல்லப்போவதில்லை.

களத்துக்குள் போனபின் வேகமாகவே படியுங்கள். ஆனால் ரூ என்ற 12 வயதுச் சிறுமி பேசும் இடத்தில் நிதானம் வேண்டும். 11ஆம் மாவட்டத்துக்காரி. விளைந்ததை வாயில் போட்டுக்கொண்டால் ஊரறியச் சவுக்கடி என்று சொல்வாள். கம்பம்மெட்டு ஏறி ஜீப்பில் வந்து இறங்கும் காய் எடுப்புப் பெண்களைத் தினம் பார்க்கிறவன் நான். அந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு, அடுப்புக்கு விறகு போட எழுந்துபோனேன்.

மூன்று புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்: 2008இல் முதலாவது, 2009இல் 'கேட்சிங் ஃபயர்', 2010இல் 'மாக்கிங்ஜே'. இரண்டாவதின் கடைசி வரியை நான் படித்தபோது ராத்திரி இரண்டு மணி. மூன்றாவது கம்பத்தில், வீட்டு அலமாரியில். அன்று பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது போர்க்கதை, துக்கம் அதிகம், நடை கனக்கும். விட்டுவிடாதீர்கள், கதை கேட்கும் கேள்வி அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளே பிள்ளைகளைக் கொல்லும் கதை என்பதால் 13 வயதுக்குக் கீழே நான் கொடுக்கமாட்டேன்.

2020இலும் 2025இலும் முன்கதைகள் வந்தன. காலவரிசைப்படி அவைதான் முதலில் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2020 புத்தகம், முதல் மூன்றிலும் பானெமை ஆளும் கொடுங்கோல் அதிபர் ஸ்னோவின் இளமைக்காலம். மூன்றையும் முடித்துவிட்டுப் போனால்தான், அந்த 18 வயதுப் பையன் பசியோடு நிற்பதைப் பார்த்து இரக்கப்படுவதா வேண்டாமா என்று நீங்களும் என்னைப்போலத் திணறுவீர்கள்.