பழைய செயின் சாணை மிஷினைப் புதுசாக்கப் போய்க் கெடுக்கிற விதங்கள்

களியக்காவிளையைச் சுற்றியுள்ள ஊர்களில் ரப்பர் மரம் முறிக்கிறவர்கள் பலரிடம் செயின் சா (சங்கிலி வாள்) உண்டு. பால்வெட்டு ஓய்ந்த தோட்டம் ஒன்று விழுந்தால் நாலைந்து மிஷின் ஒரே நேரத்தில் ஓடும். அத்தனை செயினையும் கையில் அரம் பிடித்துத் தீட்ட முடியாது. அதனால்தான் பாறசாலைப் பக்கத்துப் பழைய சாமான் கடைகளிலும், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் வீட்டுச் சாய்ப்பிலும் கிடக்கிற பழைய சாணை மிஷின்களுக்கு இவ்வளவு கிராக்கி. வார்ப்பு அலுமினிய உடம்பு, தலையில் மோட்டார், கீழே கோண அளவு பொறித்த வைஸ். நல்ல சாமான்தான். வாங்கிக்கொண்டு போய் ஆசையாகப் பழுது பார்க்கிறார்கள். பிறகு, "அண்ணா, மிஷினு நல்லா மினுங்குது, ஆனா செயினு வலத்தோட்டு இழுக்குது, என்னன்னு தெரியல்ல" என்று பட்டறைக்கு வருகிறார்கள்.

மினுங்கியதுதான் கோளாறின் தொடக்கம். தலைப்பகுதி ஏறி இறங்கும் கீல், செயினைக் கவ்வும் வைஸ் ஆகிய இரண்டிலும் ஆட்டம் இல்லாதவரைக்கும்தான் பழைய சாணை மிஷினுக்கு விலை. பெயிண்ட்டும் மோட்டாரும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் ஆட்களோ முதலில் பெயிண்ட் வாங்குகிறார்கள்.

நானும் அப்படித் தொடங்கியவன்தான். முதல் மிஷினின் பழைய பெயிண்ட்டை உரிக்கக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போட்டேன். இரும்பென்றால் சரி. அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும். பாத்திரம் நுரைத்துப் பொங்கியது. அந்த நுரையில் வருவது தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் வாயு. காலையில் எடுத்தபோது உடம்பு சொரசொரவென்று அரித்திருந்தது, வைஸின் டிகிரிக் கோடுகள் பாதி அழிந்திருந்தன. 30 எங்கே, 35 எங்கே என்று தெரியாத வைஸை வைத்துக்கொண்டு என்ன செய்ய? மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். பெயிண்ட் போகவே வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும் ரிமூவர் தடவிச் சுரண்டுங்கள். மணல் அடிக்கக் கொடுத்தாலும் அந்தக் கோடுகள் போய்விடும். பவுடர் கோட்டிங் கொடுக்கிறவர்கள் கீல் துளையையும் வைஸ் உட்காரும் முகத்தையும் மறைக்கச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அங்கே ஏறிய பூச்சு, கீலின் அச்சுப் பின்னைத் தட்டி ஏற்றும்போது இறுக்கமாகத்தான் இருக்கும். ஒரு மாதத்தில் உதிர்ந்து, முன்பைவிட அதிகமாக ஆடும்.

அந்த ஆட்டம் என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கீலின் அகலம் 40 மி.மீ., கல் நிற்பது அதிலிருந்து 150 மி.மீ. தள்ளி என்று வையுங்கள். கீலில் 0.2 மி.மீ. தளர்வு இருந்தால் கல்லின் விளிம்பில் அது 0.75 மி.மீ. ஆகிறது. இடப்பக்கப் பல்லைத் தீட்டும்போது ஒரு பக்கம் சாய்ந்து, வலப்பக்கப் பல்லுக்கு மறுபக்கம் சாய்ந்தால், பல் நீளம் இரண்டு வரிசையிலும் வேறுவேறாகிவிடும். நீளம் குறைந்த பல் குறைவாகக் கடிக்கும். வாள் நீண்ட பல் இருக்கிற பக்கமாக வளைந்து போகும். தடியை அறுத்துவிட்டுப் பார்த்தால் வெட்டு முகம் வாழைப்பழம் மாதிரி இருக்கும். செயின் ஓடும் தகடான பாரைக் குறை சொல்லி அதையும் மாற்றியவர்கள் உண்டு.

வழி சுலபம். துளையை லேத்தில் ரீமர் போட்டுச் சுத்தமாக்கி, கன்மெட்டல் என்ற வெண்கலத்தில் புஷ் (உள்வளையம்) ஏற்றி, புதுப் பின் கடைந்து போடுங்கள். பக்கவாட்டு ஆட்டத்துக்குச் சிம் (மெல்லிய இடைத்தகடு) வையுங்கள். தேய்ந்த பின்னைச் சுற்றி பித்தளைத் தகடு செருகுவது ஒரு வாரத்துக்கான வைத்தியம்.

அடுத்து மோட்டார். சவுதியில் வெகுகாலம் 127 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், அதுவும் 60. அங்கிருந்து வந்த மிஷினுக்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்துவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், சைக்கிளை மாற்றாது. நம் 50 சைக்கிளில், நிமிஷத்துக்கு 3400 சுற்று மோட்டார் சுமார் 2830 சுற்றுதான் சுற்றும். அதோடு அளவுக்கு மேல் சூடாகும். 120 வோல்ட் மோட்டாருக்கு இங்கே 100 வோல்ட்தான் பொருத்தம். பேசாமல் நம்மூர் 230 வோல்ட்டுக்குக் காயில் சுற்றிவிடுவது நல்லது. சுற்றுகிறவரிடம் சுழலும் திசையை அம்புக்குறி போட்டுக் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஸ்டார்ட்டிங் காயிலின் முனை மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். தீப்பொறி முகத்துக்கு வரும், கல்லைப் பிடித்திருக்கும் நட்டும் தானாகக் கழன்றுகொள்ளும்.

எர்த் கம்பியை யாரும் கேட்பதே இல்லை. பழைய மிஷின்களில் ரெண்டு கம்பி வயர்தான். இரும்புத் தூள் மோட்டாருக்குள் அடைந்து, ஆனி ஆடி மழை ஈரமும் சேர்ந்தால் அலுமினிய உடம்பு முழுக்க மின்சாரம் ஏறி நிற்கும். மூன்று கம்பி வயர் போட்டு உடம்போடு எர்த் கொடுங்கள்.

எனக்குக் கோபம் வருகிற தவறு ஒன்று உண்டு. மோட்டார் எரிந்துவிட்டது என்று கை கிரைண்டரை அந்தத் தலையில் பூட்டுவது. கை கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுற்று. சாணை மிஷின் கல் 145 மி.மீ. விட்டம். கல்லின் விளிம்பு விநாடிக்கு 83 மீட்டர் வேகத்தில் பறக்கும். சாதாரண பீங்கான் பிணைப்புக் கல் தாங்குவது 35 மீட்டர். அதாவது இந்த அளவுக் கல்லுக்கு 4600 சுற்றுதான் எல்லை. மீறினால் கல் வெடிக்கும். பெரிய கல் போடுவதற்காகக் கல்லின் பாதுகாப்பு மூடியை அறுத்து எடுக்கிறவர்களும் இதே கூட்டம்தான்.

மிஷினோடு வந்த பழைய கல்லையும் நம்பாதீர்கள். விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி, மண் சட்டி மாதிரி மந்தமாகக் கேட்டால் விரிசல். துளை 22.2 மி.மீ. இல்லாத கல் கிடைத்தால் புஷ் கடைந்து போடலாம். கல்லைக் குடையவோ டேப் சுற்றி ஏற்றவோ கூடாது. இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் காகித வட்டத்தைக் கிழிக்க வேண்டாம், அதுதான் மெத்தை. மாட்டியதும் ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டு, நேர் எதிரில் நிற்காமல் ஓரமாக நில்லுங்கள்.

பச்சைக் கல் அழகாக இருக்கிறது என்று வாங்குகிறார்கள். அது கார்பைடு டூலுக்கானது. எஃகுப் பல்லுக்கு அலுமினியம் ஆக்சைடு கல்தான் வேண்டும். 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு (3/8, .404 என்பவை அங்குலத்தில் செயின் அளவு; லோ புரொஃபைல் என்றால் பல் தாழ்ந்த செயின்) கல் 3.2 மி.மீ. தடிமன், முழு 3/8க்கும் .404க்கும் 4.7. விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும். ஜோ காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரம் துளைக்கும் புழு ஒன்றின் வளைந்த தாடையைக் கவனித்து 1947-இல் கொண்டுவந்த, வளைந்த பல் கொண்ட சிப்பர் செயின்தான் இன்றைய பல்லுக்கெல்லாம் மூதாதை. அந்த வளைவைச் சதுர விளிம்புக் கல்லால் எடுக்க முடியாது. ஆகவே டிரெஸ்ஸிங் கல்லால் (சாணைக் கல்லைச் சீராக்கும் கல்) விளிம்பை அடிக்கடி உருட்டிக்கொள்ளுங்கள். ரப்பர்ப் பாலும் எண்ணெயும் அப்பிய செயினைக் கழுவாமல் மாட்டினால் கல்லின் துளைகள் அடைந்து, வெட்டுவதற்குப் பதில் உரசும்.

உரசினால் பல் நீலமாகும். நீலம் ஏறிய பல்லின் பதம் போயிற்று. பத்து நிமிஷத்தில் மழுங்கும். சிவக்கும் அளவு சுட்டால் மேல்தோல் கண்ணாடியாக இறுகி, அடுத்த முறை அரம் வழுக்கும். தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், அழுத்திப் பிடிக்கக் கூடாது. வேகத்துக்காக ஸ்பிரிங்கை மாற்றி, தலை தன் எடையிலேயே விழுகிற மாதிரி செய்கிறார்கள். அதைவிட மோசமான மாற்றம் வேறில்லை.

பல்லுக்கு முன்னால் நின்று, அது கடிக்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் கேஜைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் மிருதுவான தடி, இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கள் என்று கேட்பார்கள். பல செயின்களுக்குப் பல் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்வுதான் அளவு. அதற்குமேல் தாழ்த்தினால் வாள் மரத்தைக் கவ்வி, ஆளை நோக்கித் துள்ளும். தென்னையும் பனையும் அறுக்கிறவர்களுக்குப் பல் சீக்கிரம் மழுங்குவது தடியின் குணம். கேஜைத் தாழ்த்தி அதைத் தீர்க்க முடியாது.

வேலை முடிந்ததும் புதுச் செயினை மாட்டிப் பார்க்காதீர்கள். தூக்கிப் போட வைத்திருக்கும் பழைய செயின் ஒன்றை எடுத்து எல்லாப் பல்லையும் தீட்டி, வெர்னியரால் இடப்பக்கம் ஐந்து பல், வலப்பக்கம் ஐந்து பல் அளந்து எழுதுங்கள். வித்தியாசம் தெரிந்தால் முதலில் வைஸின் கவ்வும் தாடைகளைப் பாருங்கள், பிறகு கீல். பெயிண்ட் டப்பாவை அதுவரை திறக்க வேண்டாம்.