1969 மெட்ஸ் கார்டுகள்: சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1962-இல் களமிறங்கிய முதல் வருடமே 120 ஆட்டங்களில் தோற்ற அமெரிக்க பேஸ்பால் அணி நியூயார்க் மெட்ஸ். ஏழு வருடம் கழித்து, 1969-இல், அதே அணி 100 ஆட்டங்களில் ஜெயித்து, சாம்பியனை முடிவு செய்யும் வேர்ல்ட் சீரிஸ் தொடரில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியையும் வீழ்த்தியது. அந்த சீசனின் பேஸ்பால் கார்டுகளை, அதாவது வீரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளை, தேடிச் சேர்க்க இன்றும் பலருக்கு ஆசை.

பெரும்பாலோர் முதலில் செய்யும் தவறு, டாப்ஸ் நிறுவனம் 1969-இல் வெளியிட்ட மெட்ஸ் கார்டுகளை மட்டும் வாங்கிவிட்டு, சீசன் முழுவதும் கைக்கு வந்துவிட்டதாக நினைப்பது. அந்தக் கார்டுகளின் பின்பக்கம் இருப்பதெல்லாம் 1968 வரையிலான கணக்கு. டான் கிளெண்டனனையே பாருங்கள். 1969 வேர்ல்ட் சீரிஸில் மூன்று ஹோம் ரன் அடித்து, தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். ஆனால் அவர் மான்ட்ரியால் எக்ஸ்போஸ் அணியிலிருந்து மெட்ஸுக்கு வந்தது ஜூனில்தான். அதனால் அவருடைய 1969 கார்டில், 208-ஆம் எண், ஹூஸ்டன் என்றோ எக்ஸ்போஸ் என்றோதான் இருக்கும். மெட்ஸ் வீரராக அவர் வேண்டுமென்றால் 1970 தொகுப்புக்குப் போக வேண்டும். அந்தத் தொகுப்பின் முதல் கார்டே சாம்பியன் மெட்ஸின் அணிப் படம். 305 முதல் 310 வரை வேர்ல்ட் சீரிஸ் காட்சிகள். இவை இல்லாத 1969 மெட்ஸ் ஆல்பம் என் கண்ணுக்குப் பாதிதான்.

அடுத்தது மெட்ஸின் பந்துவீச்சாளர் நோலன் ரயன். அவருடைய 1969 கார்டை 'ரூக்கி கார்டு', அதாவது அறிமுகக் கார்டு, என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அவருடைய ரூக்கி கார்டு 1968-இல் வந்த 177-ஆம் எண், இன்னொரு மெட்ஸ் வீரர் ஜெரி கூஸ்மனோடு சேர்ந்து இருப்பது. விலை வித்தியாசம் மிகப் பெரியது. கார்டு எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

விலையுயர்ந்த கார்டுகளில் போலியும் உண்டு, ஓரம் வெட்டியதும் உண்டு. பூதக்கண்ணாடியில் எழுத்துகளைப் பாருங்கள்: அசலில் கறுப்பு எழுத்து திடமாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சடித்த நகலில் அதுவே புள்ளிகளாகச் சிதறும். அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். அதே காலத்துச் சாதாரண கார்டு ஒன்றை மேலே வைத்துப் பார்த்தால், குறைத்து வெட்டியது பெரும்பாலும் தெரிந்துவிடும். அபூர்வமான கார்டு என்றால், நம்பகமான கிரேடிங் நிறுவனம் சோதித்து உறையிட்டதை வாங்குவதே நல்லது.

அப்புறம், பராமரிப்பு. அழுக்கைத் துடைக்கிறேன் என்று ரப்பரோ ஈரத்துணியோ வைக்க வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ஓரம் பள்ளமாகிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை டாப்லோடர் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வையுங்கள். உறை பிவிசி இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பிவிசி வருடக்கணக்கில் கார்டில் ஒட்டிப் படத்தைக் கெடுக்கும்.